பச்சை மையில் எழுதும் அந்த ஒரு சொல்: தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்திருப்பீர்கள். வெளியே பெற்றோர் வேப்பமர நிழலில் காத்திருப்பார்கள். இளநிலை உதவியாளர் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டு வருவார்: பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள். எல்லாவற்றுக்கும் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது, பார்த்து எழுதினால் போதும். ஒரே ஒரு வரிக்கு மட்டும் பதிவேடு கிடையாது. 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்கிற வரி. அதற்கு நம் நினைவுதான் பதிவேடு, நம் கோபதாபம்தான் சாட்சி.

நான் ஓய்வுபெற்றுப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. தெற்கே ஒரு சிற்றூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தேன். கணக்கு டீச்சர். அந்த வரியை எத்தனை நூறு முறை நிரப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பெரும்பாலும் 'நன்று' என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். அங்க அடையாளம் கேட்கும் இடத்தில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவோம். மச்சம் சாகும்வரை கூடவே இருக்கும். சில வரிகள் தள்ளி எழுதும் பண்பும் அப்படி ஒரு மச்சம்தான் என்று நினைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றியதுதான் இந்த மடல்.

1999ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு பெஞ்சின் கால் முறிந்து கிடந்தது. யார் உடைத்தது என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் மொத்த வகுப்பையும் கொடிக்கம்பத்தின் கீழே முட்டி போட வைத்தார். நாற்பது பேர் போட்டார்கள். ஒருவன் மட்டும் நின்றான். சத்தம் கேட்டு நான் தாழ்வாரத்துக்கு வந்தபோது, "நான் உடைக்கவில்லை சார். உடைத்தவன் முட்டி போடட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். குரலை உயர்த்தவில்லை. கையைப் பின்னால் கட்டியிருந்தான். அடி விழுந்தது. அப்போதும் முட்டி போடவில்லை. மற்றவர்களை எழுப்பி அனுப்பும்வரை அவனும் அதே வெயிலில் அங்கேயே நின்றான். ஓடிப்போகாமல் ஏன் நின்றான் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

சான்றிதழ் எழுதும் நாள் வந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. 'அடங்காதவன். திருப்தி இல்லை என்று போடுங்கள் டீச்சர், அப்போதுதான் புத்தி வரும்' என்றார்கள். நான் நடுவே நின்று நியாயம் செய்வதாக எண்ணிக்கொண்டு 'திருப்திகரம்' என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்கு அகராதியில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பு முழுவதும் 'நன்று' வாங்கிய இடத்தில் ஒருவனுக்கு மட்டும் 'திருப்திகரம்' என்றால் என்ன பொருள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைக் கையில் வாங்கும் அடுத்த பள்ளிக்கும் தெரியும்.

நாம் ஏன் இவ்வளவு எளிதாக எழுதிவிடுகிறோம்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். விளையும் பயிர் முளையிலேயே தெரியும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. போதாததற்கு நாய் வால். இந்த நான்கையும் சொல்லாத ஆசிரியர் அறையை நான் பார்த்ததில்லை. மேல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்க உளவியலின் முன்னோடியான வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார், முப்பது வயதுக்குள் குணம் சுவர்ப்பூச்சுச் சாந்து போல இறுகிவிடுகிறது, அதன்பின் இளகுவதில்லை என்று. அவராவது முப்பது வயதுவரை அவகாசம் கொடுத்தார். நாம் பதினைந்திலேயே பூச்சு காய்ந்துவிட்டது என்கிறோம்.

இதில் இன்னொரு பேச்சும் உண்டு. 'அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான்.' மதுரைப் பக்கம் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள். பிறந்த சாதியைப் பார்த்தே ஒருவனின் குணத்தை எழுதிவைத்த கைரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், 1947 வரை இந்த மாகாணத்தில் இருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டத்தின் காலத்தில் பிறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் இன்றும் மணி அடிக்கிறது. சட்டம் போய்விட்டது, பேச்சு மட்டும் ஆசிரியர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. சரி, இதை இதோடு விடுகிறேன். இதற்குத் தனி மடலே எழுத வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு நான் படித்தவற்றில் ஒன்று தூக்கத்தைக் கெடுத்தது. ஸ்காட்லாந்தில் 1936இல் பிறந்த பிள்ளைகள் ஏறக்குறைய அனைவருக்கும் 1947 ஜூன் மாதம் ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். அவர்களில் இரட்டைப்படை மாதங்களின் முதல் தேதியில் பிறந்தவர்களை, அதாவது ஆண்டின் ஆறு நாட்களில் பிறந்தவர்களை, தனியாகப் பிரித்துத் தொடர்ந்து கவனித்தார்கள். 1950இல், பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதானபோது, ஆசிரியர்களிடம் ஆறு குணங்களைச் சொல்லி மதிப்பிடச் சொன்னார்கள்: தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலை சீராக இருப்பது, கடமையுணர்வு, சுயமாகச் சிந்திப்பது, சிறந்து விளங்கும் ஆர்வம். 1,208 பிள்ளைகளுக்கு மதிப்பீடு கிடைத்தது. தாள்கள் உள்ளே போயின.

அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், அந்தப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். 635 பேரின் தடம் கிடைத்தது. 174 பேர் சரி என்றார்கள். எழுபத்தாறு, எழுபத்தேழு வயதுக் கிழவர்கள், கிழவிகள். அதே ஆறு குணங்களில் தங்களைத் தாங்களே மதிப்பிட்டார்கள். அவர்களை நன்கு அறிந்த இன்னொருவரும் மதிப்பிட்டார். இரண்டையும் 1950இன் தாளோடு ஒப்பிட்டால், பொருட்படுத்தத்தக்க ஒற்றுமை எதிலும் தெரியவில்லை. இன்னும் நுணுக்கமாக அலசியபோது மனநிலைச் சீர், கடமையுணர்வு இரண்டில் மட்டும் மெல்லிய இழை ஒன்று ஓடியது. 2016இல் முடிவு வெளிவந்தது.

இதைப் படித்துவிட்டு நான் அந்தக் கிழவர்களைப் பற்றி நினைக்கவில்லை. 1950இல் தாளை நிரப்பிய ஆசிரியர்களைப் பற்றித்தான் நினைத்தேன். நம்மைப் போலத்தான் இருந்திருப்பார்கள். நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருக்கிறோம், நமக்குத் தெரியாதா என்று நம்பித்தான் எழுதியிருப்பார்கள்.

ஹவாயிலும் இப்படி ஒன்று நடந்தது. 1959 முதல் 1967 வரை தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொரு குணத்திலும் வரிசைப்படுத்தினார்கள். நாற்பது ஆண்டு கழித்து அவர்களில் 799 பேர், தங்கள் இயல்பைப் பற்றித் தாங்களே பதில் எழுதினார்கள். கணக்கு டீச்சர் என்பதால் எண்ணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைய வரிசை அப்படியே இன்றும் நிற்கிறது என்றால் 1. குலுக்கல் சீட்டு எடுத்தது போல முற்றிலும் கலைந்துவிட்டது என்றால் 0. கலகலப்பாகப் பழகும் இயல்புக்கு 0.29 வந்தது. பொறுப்புணர்வுக்கு 0.25. எளிதில் கலங்கும் இயல்புக்குச் சுழியம். முதல் இரண்டையும் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த அளவு உறவை நம்பி ஒரு பிள்ளையின் சான்றிதழில் பச்சை மையை ஊற்ற முடியாது.

மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் நான் கணக்கில் பொய் சொன்னவள் ஆவேன். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து வருகிறார்கள். மூன்று வயதில் ஓரிடத்தில் நிற்காமல், கட்டுக்குள் வராமல் இருந்தவர்கள் இருபத்தாறு வயதிலும் மற்றவர்களைவிடச் சட்டென்று கொதிப்பவர்களாகவே இருந்தார்கள். கூச்சத்தில் ஒடுங்கிய பிள்ளைகள் வளர்ந்த பிறகும் முன்னால் வந்து பேசத் தயங்கினார்கள். எல்லாரும் அல்ல, மொத்தமாகப் பார்த்தால். ஆகவே தொட்டிலில் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆசிரியர் அறைப் பழமொழிகளில் ஒரு பிடி உண்மை இருக்கிறது. ஒரு பிடிதான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது இன்னொரு கணக்கு. 2000ஆம் ஆண்டில் பிரென்ட் ராபர்ட்ஸ், வெண்டி டெல்வெக்கியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 152 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சில ஆண்டு இடைவெளியில் குணத்தின் வரிசை எவ்வளவு நிலைக்கிறது என்பதுதான் கேள்வி. குழந்தைப் பருவத்தில் 0.31. கல்லூரி வயதில் 0.54. முப்பதில் 0.64. ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் 0.74, அதுதான் உச்சம்.

அந்த எண்களை மறுபடியும் பாருங்கள். குணம் எல்லாவற்றையும்விட இறுகிப்போன வயதில் இருப்பது யார்? மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாம். எல்லாவற்றையும்விட இளகிக் கிடப்பது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளை. நம்முடைய இறுக்கத்தை அளவுகோலாக வைத்து அதனுடைய இளக்கத்தை அளந்து, 'இவன் இப்படித்தான்' என்று எழுதுகிறோம். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் பெரும்பாலானவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது, மனம் நிதானப்படுகிறது என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது நம் கையைவிட்டுப் போன பிறகு. அறுவடைக்கு ரொம்பவும் முன்னால் களத்துமேட்டில் நின்று விளைச்சலை எழுதுகிற கணக்குப்பிள்ளைகள் நாம்.

குணம் காலத்தால் மட்டும் மாறுவதில்லை, இடத்தாலும் மாறுகிறது. 1928இல் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் திருட்டுத்தனம் செய்ய வாய்ப்புள்ள சூழல்களை அமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள்: வகுப்பில், வீட்டில், விளையாட்டில். தேர்வில் பார்த்து எழுதிய பிள்ளை காசில் கை வைக்கவில்லை. விளையாட்டில் ஏமாற்றிய பிள்ளை தேர்வில் நேர்மையாக இருந்தது. 'யோக்கியன்', 'அயோக்கியன்' என்று இரண்டு கூடை வைத்துப் பிரிக்க முடியவில்லை.

இதற்கு ஹார்ட்ஷோர்ன் வரை போக வேண்டியதில்லை, என்னையே எடுத்துக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளியில் என் ஆசிரியை எனக்கு வைத்த பெயர் 'ஊமைக்கோட்டான்'. அதே நான் பதினேழு ஆண்டுகள் காலை வழிபாட்டில் ஐந்நூறு பேர் முன்னால் மைக் இல்லாமல் பேசினேன். கடைசி வரிசைவரை கேட்கும். ஊமைக்கோட்டான் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போன மாதம் அக்காள் பேத்தி கல்யாணத்தில் பந்தி முடிகிறவரை ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், யாரிடமும் நாலு வார்த்தை பேசாமல். எது நான்? என் பண்பு வரியில் எதை எழுதுவீர்கள்?

இனி அந்த முட்டி போடாத பையனுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசி இரவு. சூறைக்காற்றில் எங்கள் தெருமுனைப் புளியமரத்தின் கிளை மின்கம்பியில் விழுந்து ஊரே இருட்டு. பத்து மணிக்கு மேல் மின்வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் டார்ச்சும் ஏணியும் கொண்டு வந்தார்கள். மழை விட்டும் விடாமலும் இருந்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, ஆஸ்துமாவுக்கு இயந்திரம் வைத்த தாத்தா, செத்துக்கொண்டிருக்கிற செல்போன்கள். ஏறுங்கள் ஏறுங்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். போனிலும் மேலிடத்தில் யாரோ அவசரப்படுத்தினார்கள்.

லைன்மேன் கம்பத்தடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போனில் அவர் பேசியது இவ்வளவுதான்: "சார், லைன் கிளியர் கையில் வரவில்லை. வராமல் ஏறமாட்டேன். மெமோ கொடுப்பது என்றால் கொடுங்கள்." குரல் உயரவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. தெரு அவரை ஏசித் தீர்த்தது. கம்பியில் வேலை செய்யலாம் என்ற அந்த அனுமதி வந்தது, சுவிட்சைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தார், மிச்ச மின்சாரம் மண்ணில் இறங்கக் கம்பியில் எர்த் ராடை மாட்டினார், தொட்டுப் பார்த்தார், பிறகுதான் கூட வந்த பையனை ஏணியில் ஏறவிட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். முகம் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கை கட்டிய விதம் தெரிந்தது.

விளக்கு எரிந்ததும் கிட்டப் போனேன். அவன்தான். "டீச்சர், நீங்களா? இந்தத் தெருவா?" என்று தொப்பியைக் கழற்றினான். காப்பி போட்டுக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து குடித்தான். கூட வந்த பையன் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். "பக்கத்துப் பிரிவில் ஒருவரை இப்படி அவசரப்படுத்தித்தான் ஏற்றினார்கள் டீச்சர். பின்பக்கமாக யார் வீட்டு ஜெனரேட்டரோ கரண்டைத் தள்ளிவிட்டது. உடம்பைத்தான் இறக்கினோம்" என்றான்.

நான் சான்றிதழைப் பற்றிக் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். பதினொன்றாம் வகுப்புக்குப் போன இடத்தில் அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தார்களாம். இடம் இல்லை என்றார்களாம். ஓர் ஆண்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை, பிறகு ஐ.டி.ஐ. "அது கிடக்கிறது டீச்சர். உள்ளே எல்லா லைட்டும் எரிகிறதா, ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று எழுந்துவிட்டான்.

அவன் திருந்திவிட்டான் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. திருந்தவே இல்லை, அதுதான் விஷயம். 1999இல் கொடிக்கம்பத்தின் கீழ் நின்ற அதே ஆள்தான் மின்கம்பத்தின் கீழும் நின்றான். அவனைப் பொறுத்தவரை 0.31, 0.54 எல்லாம் பொய். அவன் குணம் ஒரு நூல்கூட நகரவில்லை. நகர்ந்தது அந்தக் குணத்துக்கு நாம் வைக்கிற பெயர். வெயிலில் அதற்கு அடங்காமை என்று பெயர் வைத்தேன். மழையில் அதுவே ஒரு சின்னப் பையனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியது. குணம் மாறினாலும் நாம் எழுதியது தவறாகப் போகிறது, மாறாவிட்டாலும் தவறாகப் போகிறது என்றால், எழுதுகிற முறையில்தான் கோளாறு இருக்கிறது.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியாதது அல்ல. வகுப்பறையில் ஆசிரியரை மாணவர்கள் மிரட்டும் காட்சிகள் செல்போன்களில் பரவிய 2022 மே மாதம், அத்துமீறும் மாணவர்கள் நீக்கப்படுவார்கள், காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார். அன்று பல ஆசிரியர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பயம் போலியல்ல. மாணவன் கை ஓங்கினால் அதற்கு நடவடிக்கை வேண்டும், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தை ஒருமுறை புரட்டுங்கள். அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று, புதிய தொடக்கம். குற்றம் செய்து சிறார் நீதி வாரியத்தின் முன் நின்ற பிள்ளையின் பழைய பதிவுகளையே, சில விதிவிலக்குகள் தவிர, அழித்துவிட வேண்டும் என்கிறது. திருடிய பிள்ளையின் பதிவு அழிகிறது. முட்டி போடாத பிள்ளையின் பதிவு என் கையெழுத்தோடு அவன் பெட்டியில் இன்றும் கிடக்கிறது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. பண்பு வரியில் எல்லாருக்கும் 'நன்று' என்று எழுதுங்கள், ஒரு பிள்ளைக்கும் மாற்றாமல். எதையாவது பதிந்தே ஆக வேண்டும் என்றால் பள்ளிக்குள் இருக்கிற குறிப்பேட்டில் பதியுங்கள். 'அடங்காதவன்' என்று வேண்டாம். 'இந்தத் தேதியில், இந்த இடத்தில், இதைச் செய்தான். கேட்டபோது இதைச் சொன்னான்' என்று எழுதுங்கள். 'நான் உடைக்கவில்லை, உடைத்தவன் முட்டி போடட்டும்' என்ற வாக்கியத்தை அன்று நான் அப்படியே எழுதியிருந்தால், படிக்கிற யாருக்கும் அவனை வேறு மாதிரித் தெரிந்திருக்கும். எழுதியதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்ட நாக்கு கூசினால் அது எழுதக் கூடாதது. பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது அந்தப் பக்கமும் போகட்டும்.

இப்போது சில பள்ளிகள் முன்னேற்ற அட்டையிலேயே தலைமைப் பண்பு, பொறுப்புணர்வு, உணர்ச்சிக் கட்டுப்பாடு என்று கட்டம் போட்டு ஏ, பி, சி தரச் சொல்கின்றன. ஒரு வகுப்பாசிரியர் ஒரே உட்காரலில் நாற்பது பிள்ளைகளுக்கும் அதை நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து கீழாக, பெயரைக்கூடப் பார்க்காமல், பி, பி, ஏ, பி. அதில் எனக்கு ஒரே ஆறுதல், அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான். நம் வரியைத்தான் படிக்கிறார்கள்.

அவனுக்கு ஒரு மகள். இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். எந்தப் பள்ளி என்று அன்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, ஆகவே அவள் சான்றிதழ் உங்களில் யார் மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. "என்னை மாதிரியேதான் டீச்சர், ஒன்றுக்கும் தலையாட்டமாட்டாள்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி